வால்வெள்ளி விழுந்த குசினி

என்னிடம் ஓர் அட்டை இருக்கிறது. ‘சுயாதீன ஆய்வாளர், பண்டைய வான் பேரழிவுகள்’ என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருக்கும். அதை வடிவமைத்ததும் நான், அச்சடித்ததும் நான், லமினேட் செய்ததும் நான். அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவளுக்கு எட்டாத பட்டம் என்று ஒன்றுமில்லை. வருஷக்கணக்காகப் பல்கலைக்கழகத்துக்கு நடந்து களைத்தவர்களும் கடைசியில் சான்றிதழைக் கொப்பி எடுக்க என்னிடம்தான் வருகிறார்கள்.

இந்தப் பட்டம் எனக்குத் தானாக வந்தது. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த ஒருவர் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை மேசையில் போட்டு, “முழுக்க ஒரு கொப்பி அடிச்சு வையுங்கோ, பின்னேரம் வந்து எடுக்கிறன்” என்றார். பின்னேரம் வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க வரவில்லை. விமானம் ஏறிவிட்டார் போலிருக்கிறது. புத்தகமும் என்னிடம், கொப்பியும் என்னிடம்.

எங்கள் தொழிலில் ஓர் ஒழுக்கம் உண்டு. மெசினில் வைப்பதை வாசிக்கக் கூடாது. காதல் கடிதமானாலும் காணி உறுதியானாலும் கண்ணாடியில் கவிழ்த்துவிட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தவள். ஆனால் ஒரு நாள் மழை பிடித்தது. கரண்டும் போனது, சனமும் இல்லை. நான் அந்தக் கொப்பியைத் திறந்தேன்.

திறந்ததுதான் தாமதம், தலை கிறுகிறுத்துவிட்டது. முன்னொரு காலத்தில் ஒரு பெரிய வால்வெள்ளி உடைந்து துண்டு துண்டாகப் பூமியில் விழுந்ததாம். காடெல்லாம் எரிந்ததாம். பனிமலைகள் உருகிக் கடல் ஏறி நாடு நாடாக விழுங்கியதாம். உலகத்துச் சனம் எல்லாம் ஒரு பெருவெள்ளத்தைப் பற்றிக் கதை சொல்வது அந்த நாளின் நினைவாம். பள்ளிக்கூடத்தில் தமிழ் ரீச்சர் எங்களுக்குக் கடல்கோள் பற்றி உருகி உருகிச் சொல்லித் தந்திருக்கிறார். கடல் ஏன் கொண்டது என்று நான் எழும்பிக் கேட்டபோது இருக்கச் சொன்னார். இத்தனை வருஷம் கழித்து, யாரோ மறந்துவிட்டுப் போன புத்தகத்தில் எனக்குப் பதில் கிடைத்தது. சந்தோஷத்தில் கடைக்குள் தனியாக நின்று கைதட்டினேன்.

என் ஆங்கிலம் விண்ணப்பப் படிவம் நிரப்பும் அளவுக்கான ஆங்கிலம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக நகர்ந்தேன். பிறகு போனில் வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினேன். ஒன்றைப் பார்த்தால் அதுவே அடுத்ததைக் கொண்டுவந்து நீட்டியது. சோறு சாப்பிடும்போதும் பார்த்தேன். வாடிக்கையாளருக்கு அடையாள அட்டையின் முன்பக்கத்தை மட்டும் அடித்துக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் எங்கே என்று கேட்டவரிடம், “பூமியே தப்பினது அருந்தப்பு, உங்களுக்குப் பின்பக்கம் ஒரு கேடே” என்று கேட்டிருக்கிறேன்.

அதன்பின் பார்த்த இடமெல்லாம் பள்ளம். அச்சுவேலியிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. அடியே இல்லை என்பார்கள். அதில் தேசிக்காயைப் போட்டால் கடற்கரையிலுள்ள கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பார்கள். நான் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்தேன். வானத்திலிருந்து வந்த துண்டு விழுந்த துளை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்படி உடனே தெரிவதில் இருக்கிற சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் விளங்கும்.

எங்கள் வாசிகசாலைத் தலைவர் ஓய்வுபெற்ற அதிபர். பூமிசாத்திரம் படிப்பித்தவர். கூட்ட அறிவித்தல்களைக் கொப்பி எடுக்க என்னிடம் வருவார். அவரிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன்.

“அது சுண்ணாம்புக் கல் கரைஞ்சு வந்த குழி, பிள்ளை” என்றார். “யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்தான்.”

“கரைஞ்சதை நீங்கள் பாத்தனீங்களே?”

“விழுந்ததை நீர் பாத்தனீரே?”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவருடைய அறிவித்தலை மை மங்கலாக அடித்துக் கொடுத்தேன். கூட்டத்துக்கு ஆட்கள் வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் அண்ணை, அவருடைய மனைவியான மச்சாள். அண்ணை யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் பஸ் ஓட்டுகிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சிறு வயதிலிருந்தே நான் எதைச் சொன்னாலும், “நீ ஒரு விசரி” என்று பைத்தியப்பட்டம் கட்டுவதுதான் அவருடைய பதில். மச்சாள் அதிகம் கதைக்கமாட்டார். ஆனால் கதைத்தால் வீடு அடங்கிவிடும்.

எங்கள் சொந்தக் காணி காங்கேசன்துறைப் பக்கம். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது அங்கிருந்து இடம்பெயர்ந்தோம். அதன்பின் காணி இராணுவ வேலிக்குள் போய், இரண்டு பத்தாண்டுக்கு மேல் ஒருவரும் கால் வைக்க முடியாமல் கிடந்தது. ஐயாவும் அம்மாவும் அதைத் திரும்பப் பார்க்காமலே போய்விட்டார்கள். நாங்கள் வாடகை வீடு வாடகை வீடாக மாறினோம். மச்சாள் எங்கள் குடும்பத்துக்குள் வந்ததே அப்படியொரு வாடகை வீட்டுக்குத்தான். அவருடைய தாய் கொடுத்துவிட்ட ஒரு சருவச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். பிறகு ஒவ்வொரு தடவை ஓடியபோதும் வீடு மாறியபோதும் முதலில் அந்தச் சட்டியைத்தான் தூக்குவார். அது நெளிந்து, ஒரு பக்கம் சப்பளிந்து போயிருந்தது. புதுச்சட்டி வாங்குவோம் என்றால், “சொந்தக் குசினி வரட்டும், அங்கை வைக்கப் புதுசு வாங்குவம்” என்பார்.

காணி திரும்பக் கிடைத்தது. மச்சாள் அன்று அழுதார். அண்ணை அழவில்லை. வேலை தொடங்குவோம் என்றபோது முதலில் பற்றை வெட்ட வேண்டும் என்றார். பற்றை வெட்டியபின் கிணறு இறைக்க வேண்டும் என்றார். கிணறு இறைத்தபின் மழை முடியட்டும் என்றார். மழை முடிந்தபின் அந்த மாதத்தில் நாள் சரியில்லை என்றார். தினமும் காணிக்குப் போகிற ஒழுங்கையைத் தாண்டி பஸ் ஓட்டிக்கொண்டு போவார், ஒரு தரம்கூட இறங்கிப் பார்க்கமாட்டார். நான் இதையெல்லாம் கவனிக்கவில்லை. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தார். மகளின் கலியாணத்துக்கு வருகிறார்கள், வீடு வேண்டும் என்றார். மச்சாள் போனை வைத்துவிட்டு அண்ணைக்கு முன்னால் வந்து நின்றார்.

“இஞ்சாருங்கோ, இனி ஒரு வாடகை வீட்டுக்கு நான் வரமாட்டன். அந்தக் காணியிலை ஒரு குசினியை மட்டும் கட்டித் தாங்கோ. அதுக்கை படுத்து எழும்பிறன். இல்லாட்டி நான் அம்மா வீட்டை போறன்.”

மச்சாள் சொன்னால் செய்கிற ஆள். அண்ணையின் முகம் செத்துப்போனது. வீட்டுக்கு முதற்கல்லான நாட்கல் வைக்க ஒரு நல்ல நாள் பார்த்தார்கள். அதற்கு முதல் நாள் மண் வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து குசினி வருகிற மூலையில் அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்கள். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன்.

இயந்திரத்தின் வாய் செம்மண்ணைக் கிள்ளி எடுத்தது. அடுத்த கிள்ளலில் கறுப்பாக ஒரு படை தெரிந்தது. நான் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். கறுப்புக் கல். உருண்டை உருண்டையாக, சில நெல்லிக்காய் அளவு, சில தேசிக்காய் அளவு. ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. உடைத்தால் உள்ளே மினுக்கம். புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இதைப் பற்றித்தான். பூமிக்கடியில் ஒரு கறுப்புப் படை இருக்கும், அதில் வானத்து வெக்கையில் உருகி உருண்ட கல் இருக்கும், அதுதான் பேரழிவு நடந்த நேரத்தைக் காட்டும் அடையாளம் என்று எழுதியிருந்தது.

“நிப்பாட்டுங்கோ!” என்று கத்தினேன். நான் கத்திய கத்தில் இயந்திரக்காரப் பொடியன் கீழே குதித்துவிட்டான். “ஆரும் ஒண்டையும் தொடாதைங்கோ! வால்வெள்ளி! எங்கடை காணியிலை வால்வெள்ளி விழுந்திருக்கு!”

மச்சாள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நான் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். ‘விசரி’ வரப்போகிறது என்று தோளை ஒடுக்கிக்கொண்டு நின்றேன். அண்ணை குழிக்குள் இறங்கினார். ஒரு கல்லைக் கையில் எடுத்தார். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி சொல்லுறதும் சரி போலைதான் கிடக்கு” என்றார். “நிப்பாட்டுவம். வடிவா ஆராயட்டும்.”

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் சீடன் என் சொந்த அண்ணை. நான் அன்று வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன்.

அண்ணை சும்மா சீடன் இல்லை, தீவிரமான சீடன். குழியைச் சுற்றிக் கயிறு கட்டினார். மழை படாமல் தகரம் போட்டார். கல்லை ஒருவருக்கும் காட்டாதே, களவெடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். அதனால் நான் எல்லாக் கல்லையும் பையில் போட்டு வாயை லமினேற்றரில் கொடுத்து ஒட்டிவிட்டேன். பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம்கூட, “எங்கடை காணியிலை ஆராய்ச்சி நடக்குது, வீட்டு வேலை இப்ப தொடங்கேலாது” என்று பெருமையாகச் சொன்னாராம். நாட்கல் வைக்கப் பார்த்த நாள் வந்தது, போனது. மச்சாள் எங்கள் இருவரோடும் கதைப்பதை நிறுத்திவிட்டார். குசினியில் சாமான் வைக்கிற சத்தத்திலிருந்துதான் அவருடைய மனம் எங்களுக்குத் தெரியும். அலுமாரிக்கு மேலிருந்த அவருடைய சூட்கேஸ் ஒரு நாள் கீழே இறங்கிக் கட்டிலடிக்கு வந்திருந்தது.

அதை நான் காணாமல் இல்லை. ஆனால் ஆராய்ச்சி செய்பவளுக்குக் குடும்பத்தில் எதிர்ப்பு இருக்கும் என்று வீடியோக்களில் சொல்லியிருந்தார்கள். உலகத்துக்கு நிரூபித்துவிட்டால் மச்சாளும் சரிவருவார், காணிக்கு வெள்ளைக்காரர் வருவார்கள், அரசாங்கம் எங்களுக்கு வேறிடத்தில் மாடி வீடே கட்டித் தரும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். உடனே ஒரு செய்முறை விளக்கக் கூட்டம் வைப்பதென்று முடிவெடுத்தேன். அறிவித்தலை நானே அடித்தேன், இந்தமுறை நல்ல கறுப்பு மையில். தலைமைக்கு வாசிகசாலைத் தலைவரைக் கேட்டேன்.

“எனக்கு உதிலை துண்டா நம்பிக்கையில்லை” என்றார்.

“நம்ப வேண்டாம், சேர். தலைமை மட்டும் தாங்குங்கோ.”

தலைமை என்றதும் அவர் இளகிவிட்டார். “எத்தினை மணிக்கு?” என்று கேட்டார்.

செய்முறை இதுதான். கல்லை மாவாக்கிக் குழைத்து, அதற்குள் காந்தத்தை விட்டு ஆட்டினால் வானத்து இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வரும். மச்சாள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவருடைய உரலில் கல்லைப் போட்டு இடித்தேன். கை கொப்பளித்தது. இடித்ததை அரிதட்டில் அரித்து, பிறகு மெல்லிய சேலைத் துணியிலும் அரித்தேன். முகத்துக்குப் போடலாம் போல மெதுமையான சாம்பல் நிற மா. உடைந்துபோன ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை அதன்மேல் பிடித்தேன். கொஞ்சம் ஒட்டியது! துள்ளினேன். இரும்புப் பூண் போட்ட உலக்கையால் இடித்தால் எதிலும் இரும்பு ஒட்டும் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவேயில்லை.

கூட்டம் எங்கள் காணியிலேயே நடந்தது. குழிக்குப் பக்கத்தில் வாடகைக் கதிரைகள், ஒரு கூடாரம், குத்துவிளக்கு. மீளக் குடியேறிய அயலவர்கள் பிள்ளை குட்டிகளோடு வந்திருந்தார்கள். வால்வெள்ளிக்காக வந்தார்களோ வடைக்காக வந்தார்களோ, கதிரை நிரம்பிவிட்டது. மச்சாளும் வந்தார். ஆனால் கதிரையில் இருக்காமல், கையைக் கட்டிக்கொண்டு ஒரு பூவரச மரத்தடியில் நின்றார்.

மாவைக் குழைக்க ஒரு பாத்திரம் கொண்டுவர மறந்துவிட்டேன். தேநீருக்கென்று மச்சாள் கொண்டுவந்த சாமான்களுக்குள் அந்தச் சருவச்சட்டி இருந்தது. எடுத்துவிட்டேன். மாவைக் கொட்டி, கிணற்றுத் தண்ணீர் விட்டு, தோசைமாப் பதத்துக்குக் கரைத்தேன். தடித்த நூலில் கட்டிய காந்தத்தை நடுவில் இறக்கினேன். தலைமையுரை முடியும்வரை கொஞ்சம் ஊறட்டும் என்று விட்டேன். நான் எல்லாவற்றையும் யோசித்தேன், தலைமையுரையின் நீளத்தைத்தான் யோசிக்கவில்லை.

விளக்கேற்றினோம். தேவாரம் பாடினார்கள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை, எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு தலைவர் எழும்பினார். பூமி எப்படி உண்டானது என்பதில் தொடங்கினார். பாறைகளின் வகைகளுக்கு வந்தார். அங்கிருந்து வாசிகசாலையின் வரலாற்றுக்குத் தாவி, அதற்குத் தான் செய்த தொண்டில் கால் ஊன்றி நின்றுவிட்டார். பிள்ளைகள் நித்திரையாகிவிட்டார்கள். நான் பொழுதுபோகாமல் சட்டியில் கையை வைத்தேன்.

சட்டி சுட்டது.

நான் அடுப்பு மூட்டவில்லை. வெயிலில் வைக்கவுமில்லை. கிணற்றுத் தண்ணீர் விட்ட சட்டி கைக்குச் சுடுகிறது! “சேர், பொறுங்கோ!” என்று எழும்பிவிட்டேன். “சுடுது! கல்லுக்கை அந்தச் சூடு இன்னும் கிடக்கு! இவ்வளவு காலமாய் ஆறாமல் கிடக்கு!”

கூட்டம் எழும்பி வந்தது. வரிசையாகச் சட்டியைத் தொட்டார்கள். ஒரு பெண் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தலைவரும் தொட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். “நான் முன்னர் சொன்னதிலை ஒரு சிறு திருத்தம்” என்று ஒலிவாங்கியில் தொடங்கினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அண்ணையைத் தேடினேன். அவர் மட்டும் வந்து தொடவில்லை. கூடாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு சட்டியையே பார்த்தபடி நின்றார்.

தலைவர் திருத்தத்தையும் முடித்து, சூரியக் குடும்பம் முழுவதையும் சுற்றி வந்து ஒரு வழியாகக் கதிரையில் இருந்தார். செய்முறை நேரம் வந்தது. நான் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, “இப்ப வானத்து இரும்பு காந்தத்திலை வரப்போகுது, வடிவாப் பாருங்கோ” என்று சொல்லி நூலை இழுத்தேன்.

காந்தம் வந்தது. சட்டியும் வந்தது. நூலில் தொங்கிக்கொண்டு, பூசணிக்காய் போல, முழுச் சட்டியும் மேசையை விட்டு எழும்பியது. நான் ஆட்டினேன். ஒரு துளி சிந்தவில்லை. விரலால் தட்டிப் பார்த்தேன், டொக் டொக் என்றது. கிட்டக் குனிந்தபோது ஒரு மணம் அடித்தது. புதிதாகப் பூசிய சுவருக்குப் பக்கத்தில் நின்றால் வருகிற மணம். இந்த ஊரில் பிறந்த எவருக்கும் அது தெரியாமல் இருக்க முடியாது. ஒரு காலத்தில் சீமெந்து ஆலையின் சங்கைக் கேட்டு நேரம் சொன்ன ஊர் இது. எங்கள் ஐயாவே அந்த ஆலையில்தான் வேலை செய்தார்.

“சீமெந்து” என்றேன். ஒலிவாங்கி எனக்கு முன்னாலேயே இருந்தது. அது ஊருக்கே கேட்டது.

எல்லாரும் சட்டியைப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் யாரோ ‘க்ளுக்’ என்றார்கள். அது முன்வரிசைக்கு வந்து கூடாரத்தையே குலுக்கிவிட்டது. கண்ணில் ஒற்றிக்கொண்ட பெண்தான் எல்லாரிலும் சத்தமாகச் சிரித்தார். ஆலையில் அரைப்பதற்கு முன்னால் சுட்டு எடுக்கிற கட்டி அது, கிளிங்கர் என்பார்கள் என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் எனக்கு விளக்கினார்கள். தலைவர் மறுபடி ஒலிவாங்கியைப் பிடித்தார். “சீமெந்து எதிலை செய்யிறது? சுண்ணாம்புக் கல்லிலை! நான் முதல் நாளே சொன்னனான், பிள்ளை, எப்பிடிப் பாத்தாலும் சுண்ணாம்புக் கல்தான்!” என்று வெற்றியோடு கூவினார்.

வெட்கத்தில் பூமி பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. ஆனால் நூலில் தொங்குகிற சட்டியையும் என் பொன்னாடையையும் நானே ஒருக்கால் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. வயிறு நோக நோகச் சிரித்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. வடை பறந்தது, தேநீர் பறந்தது. இப்படியொரு நல்ல கூட்டம் வாசிகசாலை வரலாற்றிலேயே நடக்கவில்லை என்று நன்றியுரையில் சொன்னார்கள்.

எல்லாரும் போனபின் நாங்கள் மூன்று பேரும் மிஞ்சினோம். நான் இன்னும் சிரித்துக்கொண்டே அண்ணையைப் பார்த்தேன். அவர் சிரிக்கவேயில்லை. ஆச்சரியப்படவுமில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அண்ணை, உங்களுக்குத் தெரியும்.”

அவர் குழிக்கரையில் குந்தினார்.

“ஓம்” என்றார். “ஐயா கொண்டுவந்து பறிச்சது. ஆலையிலை வேண்டாமெண்டு ஒதுக்கினது. மாரியிலை இந்த மூலை முழுக்க வெள்ளம். அம்மா அதுக்கை நிண்டுதான் சமைக்கிறவ. நிலத்தை உயர்த்தி அம்மாவுக்கு ஒரு கல்லுக் குசினி கட்டவேணும் எண்டு ஐயா லொறியிலை கொண்டுவந்து கொட்டினவர். நான்தான் சவளாலை அள்ளிப் பரவினனான்.”

“பிறகேன் என்னை இப்பிடி ஆட விட்டனீங்கள்?” எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னுடைய ஒரே சீடன்! கயிறு கட்டிய சீடன்! “முழு ஊருக்கும் முன்னாலை பொன்னாடையோடை நிண்டனான்!”

“நீ வால்வெள்ளி எண்டாய். எனக்கு நல்லதாப் போச்சுது.” அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. “ஐயா இதைப் பரவி முடிச்சு, மேலாலை செம்மண் போட்டு, அத்திவாரத்துக்கு நூல் கட்டின கிழமைதான் நாங்கள் ஓடினது. எல்லாத்தையும் விட்டிட்டு ஓடினது. இதிலை திரும்ப வெட்டினா திரும்ப ஓட வேண்டி வருமெண்டு ஒரு பயம். ஆரிட்டைச் சொல்லுறது உதை? விசரன் எண்டுவினம்.”

என் கோபம் வந்த வழியே போய்விட்டது. கால்மாட்டில் கிடந்த கறுப்புப் படையைப் பார்த்தேன். புத்தகத்தில் ஒரு பிழையும் இல்லை. பேரழிவு நடந்த நேரத்தைக் காட்டும் கறுப்புப் படைதான் அது. அதற்குக் கீழே எங்கள் அம்மா வெள்ளத்தில் நின்று சமைத்த மண், அதற்கு மேலே ஒருவரும் நடக்காத மண். காலத்தைத்தான் நான் சில ஆயிரம் ஆண்டு தவறவிட்டுவிட்டேன். அண்ணைக்குப் பக்கத்தில் போய் இருந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில், சட்டி தொங்கியதை நினைத்து, அழுதபடியே சிரித்தேன். அண்ணையும் அப்போதுதான் சிரித்தார். “நீ ஒரு விசரி” என்றார். எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

மச்சாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பூவரச மரத்தடியிலேயே நின்றார். பிறகு மேசைக்குப் போய்த் தன் சட்டியைப் பார்த்தார். ஓடிய இடமெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடிய சட்டி, விளிம்புவரை கல்லாகி, நடுவில் என் காந்தமும் நூலுமாக நின்றது.

“மச்சாள், புதுசு வாங்கித் தாறன்” என்றேன் மெதுவாக.

“நீர் பேசாமல் இரும்” என்றார். அவ்வளவு நாளுக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது. பிறகு அண்ணையைப் பார்த்து, “அடுத்த நல்ல நாள் எப்ப எண்டு கேளுங்கோ” என்றார். அண்ணை எழும்பிப் போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

அடுத்த நல்ல நாள் காலையில் மேசன் வந்தார். அத்திவாரக் குழியின் மூலையில் ஐயாவின் கறுப்புக் கல் அப்படியே கிடந்தது, அதை எடுக்க வேண்டாம் என்று அண்ணை சொல்லிவிட்டார். தேங்காய் உடைத்தோம். நாட்கல்லைக் கொண்டுவாருங்கள் என்று மேசன் கேட்டார். மச்சாள் சருவச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார், எந்நாளும் வருகிற மாதிரியே, ஆனால் பாரத்தில் ஒரு பக்கம் சரிந்து. மேசன் முழித்தார். மச்சாள் ஒருவரையும் கேட்கவில்லை. குழிக்குள் இறங்கி, குசினி வருகிற மூலையில் சட்டியைக் கல்லோடு கல்லாக இருத்தி, ஆடுகிறதா என்று ஒரு தரம் அசைத்துப் பார்த்தார்.

“இனி மேலாலை பூசுங்கோ” என்றார். “இனி இதை ஒருத்தராலையும் தூக்கிக்கொண்டு ஓடேலாது.”